தழும்பு எந்தப் பக்கம்

ரயில்வே லைனைத் தாண்டி பிரேசர் டவுனுக்குள் நுழைந்த பிறகும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், நல்ல வெயில். தோளில் பை, பைக்குள் ஒரு லுங்கியும் போர்வையும். ஷாமியானா கம்பெனியில் சேர் இறக்கிப் போடும் வேலை அரைமணி முன்னால் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த வயதில் எந்த வேலையிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நான் நின்றதில்லை. நான் சிரித்தது, காக்ஸ் டவுன் மைதானத்தில் மாலையும் மைசூர் பேட்டாத் தலைப்பாகையுமாக நின்றுகொண்டிருந்தவனின் மூஞ்சியை நினைத்து.

அவன் கோல்கீப்பர். ஒரு பெரிய தொழிற்சாலையின் கால்பந்து அணிக்குப் பல வருடம் கோல் காத்தவன். அன்று அவன் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறும் விழா.

மீசை முளைத்த வயதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே டீமில் இருந்தோம். நானும் கோல்கீப்பர்தான். அவனுக்கு அப்பா அம்மா இருவரும் டீச்சர்கள், படித்த பள்ளியில் புல் மைதானம். நான் எட்டாவதோடு நின்றவன், விழுந்து பழகியது சரளை மண்ணில். பந்துக்குப் பாய்ந்து விழுந்தால் இடது இடுப்புத் தோல் வழன்றுபோகும். அரிசிச் சாக்கை வெட்டி, தேங்காய் நார் அடைத்து, டிரவுசருக்குள் வைத்துத் தைத்துக்கொள்வேன். சாக்கும் அறுக்கும். வீட்டுக்கு வருவதற்குள் துணி புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். குழாயடியில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றி, ஊறவைத்துத்தான் கழற்ற வேண்டும். அப்படித்தான் இருந்தது, அவ்வளவுதான். ஒருநாள் அவனுக்கு அதைக் காட்டினேன்.

“வலிக்காதாடா?” என்றான்.

“தண்ணி ஊத்தறப்ப சுகமா இருக்கும்” என்றேன்.

தொழிற்சாலைக்கு ஒரே ஒரு கோல்கீப்பர் வேண்டியிருந்தது. பத்தாவது பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். அவனை எடுத்தார்கள். “நான் உள்ள போயிட்டேன்னா உன்னையும் இழுத்துக்கறேன் மச்சான், கேன்டீன்லயாவது” என்று என் தோளில் கைபோட்டுச் சொன்னான். பல மாதம் பார்த்துவிட்டு நானே தொழிற்சாலை கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் உள்ளே கேட்டுவிட்டு வந்து, “அப்படி யாரையும் தெரியாதுன்றாரு” என்றார். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் அவன் நின்றது எனக்குத் தெரிந்தது. அன்றைக்கே ஊரை விட்டுக் கிளம்பினேன். லாரி கிளீனராக ஹூப்ளி, ஓட்டலில் மாவாட்டிக்கொண்டு சேலம், பிறகு கோலார் என்று சுற்றிவிட்டுத்தான் திரும்பினேன். போன இடத்திலெல்லாம் அந்த ஜன்னலை நினைத்துக்கொள்வேன். நினைத்தால் எவ்வளவு கனமான மூட்டையையும் தூக்கிவிட முடிந்தது.

அன்று காலை லாரியிலிருந்து சேர்களை இறக்கும்போதுதான் பேனரில் அவன் படத்தைப் பார்த்தேன். பேச்சு சொதப்பட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு, மேடைக்குப் பக்கத்திலேயே வேலையை வைத்துக்கொண்டேன். அவனுக்கு அந்த நாளிலேயே நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது.

ஷாமியானா வேலையில் பேச்சு கேட்டுப் புளித்துப் போயிருந்தது. ஒரு பேச்சு எடுபட்டதா இல்லையா என்று பார்க்க நாங்கள் கைதட்டலைக் கவனிப்பதில்லை. சேரைத்தான் பார்ப்போம். பேச்சு சரியில்லை என்றால் ஜனங்கள் சேரை இழுத்துத் திருப்பி நாலைந்து பேராக உட்கார்ந்துவிடுவார்கள். எங்களுக்கு வேலை இரட்டிப்பு.

அவன் கன்னடத்தில் ஆரம்பித்தான். சீஃப் கெஸ்ட்டுக்கு நமஸ்காரம், வார்டு கார்ப்பரேட்டருக்கு நமஸ்காரம். அப்புறம் ஆபீசர்களுக்காக இங்கிலீஷ். கோச், சர்ச் ஃபாதர், கேன்டீன்காரர் என்று நன்றி நீண்டுகொண்டே போனது. பின்வரிசையில் சேர்கள் திரும்ப ஆரம்பித்தன. என் வயிறு குளிர்ந்தது.

அப்போது தமிழுக்கு மாறினான். குரலைத் தாழ்த்தி, “நம்ம ஏரியாவுல அப்ப புல்லு ஏது, வெறும் சரளைதான்” என்றான். நான் கையிலிருந்த சேரைக் கீழே வைத்தேன். என்னைப் பற்றிச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது கேவலமாக இருக்கிறது, ஆனால் அந்த ஒரு நிமிடம் நான் ஜன்னலைக்கூட மன்னிக்கத் தயாராக இருந்தேன்.

“அரிசிச் சாக்க வெட்டி டிரவுசருக்குள்ள வெச்சுத் தெச்சுக்குவேன்” என்றான் அவன்.

சாக்கு, நார், குழாயடி, எல்லாம் வந்தது. ஒட்டிய துணியைச் சொல்லிவிட்டு நிறுத்தினான். கூட்டம் மூச்சுவிடாமல் காத்திருந்தது. “தண்ணி ஊத்தறப்ப சுகமா இருக்கும்” என்றான். பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். இடுப்பில் கைவைத்து, “அந்தத் தழும்பு இன்னும் எங்கூடவே இருக்கு, அதான் எனக்குக் கெடச்ச மொத மெடல்” என்று முடித்தான். சீஃப் கெஸ்ட் எழுந்து நின்றார். கூட்டமும் எழுந்தது.

மார்க் போடச் சொன்னால் முழு மார்க் போடுவேன், பொய் சொல்லமாட்டேன். கைதட்டல் முடிந்த பிறகும் ஒரு சேர்கூட வரிசை கலையவில்லை. இதே கதையை நான் லாரி டிரைவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், சேலத்தில் மாவு மிஷின் பக்கத்தில் சொல்லியிருக்கிறேன். யாரும் உச்சுக்கொட்டக்கூட இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்திருந்தது. இனி நான் எங்கே போய்ச் சொன்னாலும் அவனிடமிருந்து திருடியதாகத்தான் இருக்கும். கேட்டில் தெரியாது என்று சொன்னவன் இப்போது என் இடுப்புத் தோலையும் எடுத்துக்கொண்டான்.

சால்வை, பழக்கூடை, போட்டோ எல்லாம் முடிந்தது. பிரியாணிக்குக் கூட்டம் நகர்ந்தது. முன்வரிசையில் அவன் மனைவியும் சொந்தக்காரப் பெண்களும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மேடையிலிருந்து இறங்கி அவர்களிடம் வந்தான். நானும் சேர் அடுக்குகிற சாக்கில் போனேன்.

என்னைப் பார்த்ததும் அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. “டேய் மச்சான், நீயா? எப்படா வந்தே?” என்று கையை நீட்டினான்.

நான் அவனைப் பார்க்கவில்லை. அவன் மனைவியிடம் திரும்பி, மரியாதையாகவே கேட்டேன். “சிஸ்டர், சாருக்கு அந்தத் தழும்பு எந்தப் பக்கம்?”

அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

“எனக்கு இந்தப் பக்கம்” என்று சட்டையைத் தூக்கிக் காட்டினேன். உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, வழவழவென்று இருக்கும்.

“ஐயோ, குடிச்சிருக்கான்” என்றாள் ஒருத்தி.

அவன் மனைவி என் இடுப்பை நிதானமாகப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். “வீட்டுக்குப் போயி பாத்துட்டு சொல்றேன்” என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

சொந்தக்காரப் பெண்களில் ஒருத்திக்கு முதலில் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவள் அவளைக் கிள்ளிவிட்டு அவளும் சிரித்தாள். அவன், “அது சின்ன வயசுல... ஆறிப்போச்சு...” என்று ஆரம்பித்தான். பழையபடி அவனுக்கு வார்த்தை சேரவில்லை. பேட்டா கொஞ்சம் சரிந்து காதில் உட்கார்ந்தது.

ஷாமியானா கம்பெனி முதலாளி பாய் ஓடிவந்தார். “அரே, சட்டைய எறக்குடா மொதல்ல. என்னாத்துக்குடா லேடீஸ்கிட்ட போயி இடுப்பக் காட்டினு நிக்கறே? கம்பெனி பேரே பர்பாத், நாசமாப் போச்சு. போ, இன்னிமே லாரி கிட்ட வராதே.”

“சேர் அடுக்கிட்டுப் போறேன் பாய்.”

“ஒண்ணும் வேணாம். நீ அடுக்கின வரைக்கும் போதும்.”

மார்க்கெட் வரை நடந்து, நின்றுகொண்டிருந்த ஆனேக்கல் பஸ்ஸில் ஏறினேன். அங்கே கல் அறுக்கும் பட்டறைகளில் எப்போதும் ஆள் எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பட்டறை மேஸ்திரி கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். மறுநாள் காலையில் டீ குடித்துக்கொண்டே விசாரித்தார்.

“முன்ன எங்க இருந்தே?”

“ஷாமியானா கம்பெனிங்க.”

“ஏன் உட்டுட்டே?”

சொன்னேன். சாக்கு, குழாயடியை எல்லாம் விட்டுவிட்டு, அந்தம்மாவிடம் கேட்ட கேள்வியிலிருந்து ஆரம்பித்தேன். கேட்டதைச் சொல்லிவிட்டு, பேச்சை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தேன்.

“அந்தம்மா இன்னா சொல்லிச்சு?” என்றார் அவர், டீ கிளாஸைக் கீழே வைத்து.

சொன்னேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். உள்ளே கல் அறுத்துக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு, மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். இந்தக் கதையை அவன் எந்த மேடையிலும் சொல்ல முடியாது.

அறுத்த கல் பலகைகளை, நடுநடுவே வைக்கோல் வைத்து லாரியில் ஏற்றும் வேலையைக் கொடுத்தார்கள்.