பச்சை கட்டிய நிலம்

என் அத்தை சின்னக்குழந்தை ஜவ்வாது மலையில் பிறந்து, கீழே வாணியம்பாடிப் பக்கம் வாழப்போனவள். அவள் கணவர் பழனி மாமாவின் நிலம் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றுக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து வழிந்த கழிவுத் தண்ணீர் கால்வாயில் தங்கிக் கிணற்றிலும் இறங்கியது. எழுபதுகளின் கடைசியில் மண் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துவிட்டது. முதலில் நெல் போனது, பிறகு கேழ்வரகும். நிலத்தை ஷாப்புக்கே கொடுத்துவிட்டு அங்கேயே கூலிக்குப் போகிறேன் என்றார் மாமா. அத்தை ஒப்பவில்லை. சும்மா போட்டுவைத்தால் மண் தேறிவிடும் என்றாள்.

மலையில் அப்படித்தான். விளைந்து சளைத்த கொல்லைக்காட்டைச் சில வருஷம் சும்மா விட்டுவைப்போம். செடி மூடி வந்தால் 'பச்சை கட்டிடுச்சு' என்போம். அந்தச் சொல் வந்த பிறகு விதைக்கத் தயங்குகிறவர் கிடையாது.

ஒரு வைகாசியில் அத்தை மலையேறி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பச்சை கட்டிடுச்சுண்ணா. கால் வைக்க எடமில்ல. எல குண்டு குண்டா, தண்ணி கோத்துக்கினு நிக்குது."

"ஒம்புருசன் இன்னா சொல்றாரு?" என்றார் அப்பா.

"அவருக்கு இன்னா தெரியும், நெல்லுச் சேறு மிதிச்ச காலு. நீ வெதை குடு."

அப்பா வேறெதுவும் கேட்கவில்லை, செடியின் பெயரைக்கூட. வீட்டிலிருந்த விதைச் சாமை முழுவதையும் கூடையோடு தூக்கிக் கொடுத்தார்.

அத்தை செடியைக் கொத்தி எறிந்துவிட்டு முதல் மழைக்கு விதைத்தாள். "மலைக்காரி சொன்னா மண்ணு கேக்கும்" என்று மாமா கேலி பேசினார். ஆனாலும் கூடவே நின்று விதை இறைத்தார். ஷாப்புக்காரரிடம் நிலத்தைப் பற்றிய பேச்சையும் நிறுத்திவிட்டார்.

சாமை முளைக்கவில்லை. கொத்தி எறிந்த செடிதான் மறுபடி தழைத்தது. பக்கத்துத் தெரு ஃபக்ருன்னிசா முறத்தோடு வந்து அதைக் கிள்ளினார்.

"உமரி நல்லா வந்துகீதும்மா. பருப்புல போடு, உப்பே வேணாம்."

"ஏன் வேணாம்?"

"உப்பு மண்ணுலதானே வளருது. மண்ணு நல்லா இருந்தா இது ஏன் வருது?"

அத்தை ஓர் இலையைக் கடித்துப் பார்த்தாள். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஆண்டே நிலம் ஷாப்புக்குப் போனது. மாமா அங்கேயே சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டப் போனார். மலையில் அப்பா ஊராரிடம் விதை கேட்டு வாங்கி விதைத்தார். யாரும் அத்தையைக் குறை சொல்லவில்லை.

அந்தப் பொங்கலுக்கு அத்தையைக் கூப்பிட அப்பா இறங்கிப் போனார். விதை வாங்கிப் போனவர்கள், அறுத்த தானியத்தால் அந்தக் கூடையை நிறைத்துக்கொண்டுதான் கொடுத்தவர் வாசலை மிதிப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"வெறுங்கூடையோட எப்பிடிண்ணா வர்றது?"

"கூடைய யாரு கேட்டா? நீ வா."

"நீ கேக்க மாட்டே. அண்ணி கேக்க மாட்டாங்க. எனக்குத்தான் காலு வராது."

சந்தையில் சாமை வாங்கி நிறைத்துத் தருகிறேன் என்றார் மாமா.

"அது எங்க வூட்டு வெதையா?" என்றாள் அத்தை.

பொங்கலுக்குப் பொங்கல் அப்பா போனார். தனியாகவே திரும்பினார். எண்பத்தைந்தில் அத்தை படுத்த படுக்கையானாள். அந்த வீட்டின் பின்கதவைத் திறந்தால் எங்கள் மலை தெரியும். கட்டிலை அந்தப் பக்கம் திருப்பிப் போடட்டுமா என்று மாமா கேட்டார்.

வேண்டாம் என்று தலையசைத்தாள்.