காட்டெருமைக்குப் பச்சைக்கொடி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வசிக்கிறோம். என் கணவர் ரயில் கார்டு. விடுமுறைக்குப் பிரேசர் மலைக்குப் போனபோதும் சிவப்பு, பச்சைக் கொடிகளைக் கையோடு கொண்டுவந்தார்.

இருவாட்சிப் பறவைகளை ரசித்தபடி நடந்தோம். பாதை வளைவில் காட்டெருமை ஒன்று எதிரே வந்தது. பழக்கதோஷத்தில் அவர் சிவப்புக்கொடியை நீட்டினார். அது நின்றேவிட்டது!

"பாத்தியா, சிக்னலுக்கு மரியாதை குடுக்குது!" என்றார் பெருமையாக.

"என்னங்க, மெதுவா பின்னால வாங்க" என்று நான் கெஞ்சுவதற்குள் விசில் ஊதிப் பச்சைக்கொடியையும் ஆட்டிவிட்டார். அது நேராக எங்களை நோக்கிப் பாய்ந்தது! ஓரத்துச் சேற்றுக்குழியில் விழுந்து தப்பித்தோம். அது ஓடி மறைந்ததும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இப்போதெல்லாம் ஊர் சுற்றக் கிளம்பினால் புளிச்சோற்றோடு சிவப்புக்கொடியையும் நானே எடுத்துவைக்கிறேன். பச்சைக்கொடி வீட்டுப் பெட்டியில். சாவி என் இடுப்பில்.