சிவந்துபோன சதைத்துணுக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால், டிரங்க் கால் போடும் வெளியூர்க்காரர்கள் எண்ணைச் சொல்வதற்கு முன்னால், "அருவியில தண்ணி விழுதாம்மா?" என்று என்னிடம் விசாரிப்பார்கள். முகம் தெரியாத பலருக்கு என் குரல் தெரியும். அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஒருநாள் தலைசீவும்போது கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டியைக் கண்ணாடியில் பார்த்தேன். வலி இல்லை. உள்ளூர் டாக்டர் தைராய்டு கட்டி என்று சொல்லி வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பள்ளிக்கூட வாத்தியாரான என் கணவர் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார்.

அங்கே ஒரு பெண் டாக்டர் புதிய சோதனை ஒன்றைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, அது கெடுமுன் ஒரு கரைசலில் ஊறவைப்பார்கள். சதைக்குள் என்சைம் எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறதோ அவ்வளவு சிவப்பு ஏறும். புற்றுக்கட்டியில் அதிகம் ஏறும் என்று நம்பினார்கள். என் துணுக்கு நன்றாகவே சிவந்துவிட்டது.

"புற்றுதான்னு உறுதியாச் சொல்ல முடியலம்மா. மைக்ராஸ்கோப்பிலயும் தெளிவா இல்ல. ஆனா விட்டுவைக்கப் பயமா இருக்கு" என்றார் டாக்டர்.

"கொஞ்ச நாள் பொறுத்துப் பாத்துட்டு..." என்று இழுத்தேன்.

"எதுக்குட்டி பொறுக்கணும்? உசிருதான முக்கியம்?" என்றார் கணவர். சரி என்றேன்.

தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்தார்கள். குரலுக்குப் போகும் நரம்பு கட்டியோடு ஒட்டிக் கிடந்ததாம்; எடுக்கும்போது அதுவும் அடிபட்டுவிட்டது. கண் விழித்ததும் கணவரைக் கூப்பிட்டேன். காற்றுதான் வந்தது.

எடுத்த கட்டியை முழுதாக ஆராய்ந்தபோது அதில் புற்று இல்லை. டாக்டரே கட்டிலருகில் உட்கார்ந்து சொன்னார்: "சாதாரணக் கட்டியிலயும் சில சமயம் என்சைம் இப்படி வேலை செய்யும் போலம்மா. எங்களுக்கே இப்பத்தான் தெரியுது." அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. பிழைத்தோம் என்ற சந்தோஷமும் வரவில்லை.

"அவசரப்பட்டுட்டோமோ?" என்று ஊர் திரும்பும் பஸ்ஸில் கணவர் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சில மாதங்களில் குரல் கரகரவென்று கொஞ்சம் திரும்பியது. மறுபடி எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுக்கும் போர்டில் உட்கார்ந்தேன். தினமும் கொல்லத்துக்குப் பேசும் செங்கோட்டை மரக்கடை அண்ணாச்சி லைனில் வந்தார்.

"யாருவே பேசுதது? அங்கன ஒரு அம்மா இருப்பாவளே, அவுக எங்க?"

"மாற்றலாகிப் போயிட்டாங்க."

"அடடா" என்றார். இணைப்பைக் கொடுத்தேன். மறுநாளே போர்டை விட்டு ஆபீஸ் வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

அன்று பொறுத்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றும். பொறுத்திருந்து அது புற்றாகவே இருந்திருந்தால் என்றும் தோன்றும். கணவர் அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. ஆனால் நான் வாயெடுத்தாலே, கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று கேட்பார். அது எனக்குப் பிடிக்கவில்லை என்று கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.