வயிற்றைக் குறைக்கப் போனவன் கொண்டுபோன பை

எடை குறைக்கும் அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்கள் என்னென்ன எடுத்துவர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஒரே பக்கம். முப்பத்து மூன்று வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவனுக்கு ஒரு பக்கத் தாளின் மேல் மரியாதை வராது. ஒரு பார்வைக் குறிப்பு இல்லை, இணைப்பு இல்லை, யாருக்கும் நகல் இல்லை. இதை நம்பி எப்படி வயிற்றைக் கொடுப்பது?

ஆகவே நானே ஒரு பட்டியல் தயாரித்தேன். அ பிரிவு ஆவணங்கள், ஆ பிரிவு உடைகள், இ பிரிவு உபகரணங்கள், ஈ பிரிவு இதர இனங்கள். அ பிரிவில் மட்டும் பதினான்கு இனங்கள் இருந்தன. ஆதார் நகல் ஆறு, பாஸ்போர்ட் அளவு போட்டோ ஆறு, ரத்தப் பரிசோதனை முடிவுகள் தேதிவாரியாக, ஓய்வூதியப் புத்தகம், ஒரு ஸ்டேப்ளர், அதற்கான பின் ஒரு டப்பா. ஒவ்வொன்றையும் பையில் வைத்தபோது எதிரே ஒரு டிக் போட்டேன். கடைசியில் கையெழுத்தும் தேதியும் இட்டேன்.

என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். "கீழ ஒரு சீலும் குத்திடுங்களேன்" என்றாள்.

விளையாட்டுக்காக நான் இந்த வயதில் வயிற்றை வெட்டிக்கொள்ளப் புறப்படவில்லை. நூற்று இருபத்து நான்கு கிலோ இருந்தேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் என்று எடையோடு சேர்ந்து வருகிறவை எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. அவற்றோடு காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று போனது. நிற்கும், சிறிது நேரம் கழித்து வரும், மறுபடி நிற்கும். எனக்கு அது தெரியாது, நான்தான் தூங்கிக்கொண்டிருந்தேனே. பக்கத்தில் விழித்துக்கொண்டு கிடந்தவளுக்குத் தெரியும். நின்ற மூச்சு வருகிற வரைக்கும் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாளாம். வராவிட்டால் தோளைப் பிடித்து உலுக்குவாள். இப்படியே விட்டால் ஒரு நாள் காலையில் உலுக்கியும் எழுந்திருக்க மாட்டீர்கள் என்று டாக்டர் நேராகவே சொன்னார்.

முதலில் ஒரு மெஷின் கொடுத்தார்கள். ஒரு சிறு பெட்டி, அதிலிருந்து நீளமான குழாய், முனையில் மூக்கில் மாட்டிக்கொள்ளும் முகமூடி. இரவு முழுவதும் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். அதை மாட்டினால் மூச்சும் நிற்காது, குறட்டையும் வராது. அதற்கு முன்பு என் குறட்டையைப் பற்றி அவளுக்கு ஒரு கருத்து இருந்தது. அவள் பசியாவரத்துப் பெண். சுற்றிலும் ஏரித் தண்ணீர், கரை நெடுகப் படகுகள். "எங்க ஊர்ல கூட கரைக்கு வந்தா இன்ஜின ஆஃப் பண்ணுவாங்க" என்பாள்.

மெஷின் தற்காலிக ஏற்பாடு, எடை குறைந்தால்தான் நிரந்தரத் தீர்வு என்றார்கள். இதயம், நுரையீரல், மனநிலை என்று ஒவ்வொரு டாக்டரிடமும் தடையின்மைச் சான்று வாங்கி, தேதி கிடைக்க நான்கு மாதம் ஆனது. கடைசி இரண்டு வாரம் வெறும் நீர் ஆகாரம். கல்லீரல் சுருங்கினால்தான் அதைத் தூக்கிவிட்டு அடியில் இருக்கும் இரைப்பையை எட்ட முடியுமாம். நாங்கள் குடியிருக்கும் பழவேற்காட்டில் நண்டு நன்றாகப் படும் மாதம் அது. நாலு பக்க வீடுகளிலும் நண்டு வறுபட, நான் நடுவில் உட்கார்ந்து வடிகட்டிய ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன். ஜென்மத்தில் இன்னொரு முறை அந்த இரண்டு வாரத்தை என்னால் கடக்க முடியாது என்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

புறப்படுகிற காலையில் பசியாவரத்திலிருந்து என் மனைவியின் சித்தி வந்து சேர்ந்தார். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. பெரிய தூக்கு. உள்ளே சுறாப்புட்டு.

ஏரிக்கரை ஊர்களில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவை வேகவைத்து உதிர்த்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுப் புட்டு செய்து கொடுப்பார்கள். பால் ஊறும், உடம்பு தேறும். சிசேரியன் வந்த பிறகு இந்த விதியைத் திருத்தி விரிவுபடுத்திக்கொண்டார்கள்: வயிற்றில் கத்தி பட்டால் சுறாப்புட்டு. எதற்காகப் பட்டது என்ற கேள்வி கிடையாது.

"சித்தி, எனக்குக் கொழந்த பொறக்கப் போறதில்ல" என்றேன்.

"வவுத்தப் பாத்தா அப்டி தெர்லியே மாப்ள" என்றார் சித்தி. "அறுத்த வவுறு ஆற வேணாவா? எங்கூட்டுப் பொண்ணுங்க இத துன்னுதான் நாலாம் நாளு எய்ந்து நின்னாளுங்கோ. நீ ஆம்பள, மூணே நாள்ல நிப்ப."

"சாப்பாடு இறங்கக் கூடாதுன்னுதான் சித்தி இந்த ஆபரேஷனே."

"சாப்பாடு யாரு குட்த்தா? இது மருந்து."

வாதத்தில் ஓட்டை எதுவும் இல்லாததால் நான் வண்டி வந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். நான் திரும்பி வந்தபோது பை பூட்டியிருந்தது. பட்டியலை எடுத்துப் பார்த்தேன், "தேவைப்படின்" என்று குறித்த சிலவற்றைத் தவிர எல்லா இனத்துக்கும் எதிரே டிக் இருந்தது. திருப்தியோடு வண்டியில் ஏறினேன். டிக் போட்ட பிறகு பொருளைத் திரும்பப் பார்ப்பது என்ற வழக்கம் என் பணிக்காலத்தில் எங்கும் இருந்ததில்லை.

சென்னையில், ஆஸ்பத்திரியில் சேர்க்கும் இடத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னிடம் ஆதார் எண்ணை மட்டும் கேட்டாள். நகல் ஆறும் இருக்கிறது என்றேன். "எல்லாம் சிஸ்டத்துல இருக்கு சார்" என்றாள். போட்டோ? வேண்டாம், அவளே எடுத்துக்கொண்டாள். பதினான்கு இனங்களில் பயன்பட்டது ஸ்டேப்ளர் மட்டும். வார்டில் நர்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது என்னிடம், குனிந்து மாட்ட வேண்டியிராத செருப்பு, இடுப்பில் இறுக்காத லுங்கி, உதட்டுக்குத் தடவ ஏதாவது, நீளமான சார்ஜர் ஒயர், இருமும்போது வயிற்றோடு அணைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணை எல்லாம் கொண்டுவந்தீர்களா என்று கேட்டாள். அந்த ஒரு பக்கத் தாளில் இருந்தவையே அவைதான். தலையணை இருந்தது. மற்றதெல்லாம் என்னுடைய ஈ பிரிவில் "தேவைப்படின்" என்ற குறிப்போடு வீட்டிலேயே தங்கிவிட்டிருந்தன.

மதியம் இரண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டரம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும், சிரிக்காத முகம். "ஸ்லீப் மெஷின் எங்கே?" என்றார்.

"இ பிரிவு, முதல் இனம்" என்று பெருமையோடு பையைத் திறந்தேன்.

இ பிரிவு இருக்க வேண்டிய இடத்தில் தூக்கு இருந்தது.

என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "பையில எடம் இல்ல" என்றாள். "ஆஸ்பத்திரில மூச்சுக்கு மெஷின் இல்லாமலா வச்சிருப்பாங்கன்னு கட்டிலுக்குக் கீழ தள்ட்டு வந்துட்டேன். கல்யாண ஊட்டுக்கு யாராச்சும் சோறு கட்டிக்கினு போவாங்களா?"

"அதைச் சுறாப்புட்டோட வந்தவ சொல்ற" என்றேன்.

பட்டியலை எடுத்து அவள் முன் நீட்டினேன். இதோ டிக், இதோ என் கையெழுத்து.

"டிக் இருக்குல்ல? அப்பறம் எப்டி மெஷின் இல்லாம பூட்ச்சு?" என்றாள். இந்தக் கேள்வியை என் பணிக்காலத்தில் தணிக்கையில் கூட யாரும் என்னிடம் கேட்டதில்லை.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மயக்கம் தெளிகிற நேரம்தான் என்னைப் போன்றவர்களுக்கு ஆபத்து. என் மூச்சுக்கு ஏற்ற அழுத்தம் அமைத்த என் மெஷினே பக்கத்தில் இருக்க வேண்டும். ஆறு மணிக்குள் அதைப் பார்க்காவிட்டால் காலைப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார். சர்ஜன் மறுநாள் மாலை வெளிநாடு போகிறார். அடுத்த தேதி ஒன்றரை மாதம் கழித்து.

"திரும்பவும் நீர் ஆகாரமா?" என்றேன்.

"ரெண்டு வாரம். முதல்ல இருந்து."

நான் பேனாவை எடுத்தேன். "டாக்டர், என் சொந்தப் பொறுப்பில் சம்மதிக்கிறேன்னு உறுதிமொழிக் கடிதம் எழுதித் தரேன். சாட்சிக் கையெழுத்தும் வாங்கிடலாம்."

"கடிதத்துல மூச்சு வராது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் மனைவி அதற்குள் தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள். என் மச்சான் பழவேற்காட்டில் நண்டும் இறாலும் வாங்கிச் சென்னைக்கு அனுப்புகிறவன். "டேய், சாவி பக்கத்தூட்ல கீது. கட்டிலுக்குக் கீழ கறுப்புப் பை. ஆறு மணிக்குள்ள வந்து சேரு. இல்லன்னா உங்க மாமாவுக்கு ஆபரேஷன் கெடையாது." போனை வைத்துவிட்டு, பையிலிருந்து தூக்கை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிறகு மெதுவாக, "இன்னும் ஒன்ற மாசம் நா கண்ணு முயிச்சினு கெடக்கணுமா?" என்றாள். நான் பட்டியலை நான்காக மடித்துப் பையின் அடியில் செருகினேன்.

நான்கு மணிக்கு உணவு ஆலோசகர் வந்தாள், சிறு பெண். தூக்கைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினாள். என் மனைவி விவரம் சொன்னாள். அந்தப் பெண் சட்டைப் பையிலிருந்து மருந்து பாட்டிலின் மூடி போன்ற ஒரு சிறு கிண்ணத்தை எடுத்துக் காட்டினாள். "ஆபரேஷனுக்கு அப்புறம் இதுல தண்ணி. முப்பது மில்லி. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை. இவ்வளவுதான்மா."

என் மனைவி அந்தக் கிண்ணத்தைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, தூக்கையும் பார்த்தாள். சித்தியின் மருந்தை அதில் அளந்து கொடுத்தால் அடுத்த வருஷம்தான் தீரும். தூக்கின் மூடியைத் திறந்தாள். "வீணாப் பூடும். நீயாச்சும் துன்னுமா, ஒடம்பே இல்லியே உனக்கு" என்றாள். விதிமுறைப்படி அந்தப் பெண் மறுத்தாள். பிறகு பூண்டு வாசனை வந்தது. வார்டில் இருந்த நர்ஸுகள் மூன்று பேரும் ஏதோ காரணம் சொல்லிக்கொண்டு அறைக்குள் வந்தார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

நாலரை மணிக்கு மச்சானிடமிருந்து போன். "மாமா, மீஞ்சூர் தாண்டிட்டேன். முன்னால கண்டெய்னர் லாரியா நிக்குது." நாலே முக்காலுக்கு அதே இடம். ஐந்து மணிக்கு, "நவுந்துட்ச்சி மாமா." ஐந்தே முக்காலுக்குக் கீழேயிருந்து கூச்சல் கேட்டது. யார் குரல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் மனைவி ஓடினாள், நானும் ஆஸ்பத்திரி கவுனின் முதுகுப் பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன்.

வாசலில் என் மச்சான் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. காவலாளி கையை விரித்து வழியை மறித்திருந்தார்.

"மீனெல்லாம் உள்ள விட முடியாதுப்பா."

"மீன் இல்ல சார், மூச்சு மெஷின்."

"மூச்சு மெஷின்ல ஏன்யா தண்ணி ஒழுவுது?"

"ஐஸ் போட்ருக்கேன் சார்."

நான் பெட்டியை எட்டிப் பிடித்தேன். "ஐஸ் எதுக்குடா போட்ட?"

"இன்னா மாமா இப்டி கேக்குற? கரண்ட்டு சாமான். வேகாத வெயில்ல ரெண்டரை மணி நேரம். சூடு ஏறி கெட்டுப் போச்சுன்னா?" என்றான் மச்சான். பழவேற்காட்டிலிருந்து சென்னைக்குப் போகிற எதையும் அவன் பிறந்ததிலிருந்து ஐஸ் இல்லாமல் ஏற்றியதில்லை. "ரெண்டு கவர் போட்டு நண்டு கட்ற மாரி கட்டிருக்கேன். ஒரு சொட்டு உள்ள போவாது."

ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தபோது டாக்டரம்மாவின் மேஜைமேல் பெட்டியைப் பிரித்தோம். நொறுக்கிய ஐஸ், அதன் நடுவில் முடிச்சு மேல் முடிச்சாக ஒரு பாலிதீன் கவர், அதற்குள் இன்னொன்று, அதற்குள் கறுப்புப் பை. உலர்ந்திருந்தது. கல் மாதிரி குளிர்ந்திருந்தது. மச்சான் பிளக்கைச் சொருகினான். மூன்று விநாடி எதுவும் நடக்கவில்லை. அந்த மூன்று விநாடி என் மனைவி மூச்சு விடவில்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மெஷின் இரைந்தது. குழாயிலிருந்து சில்லென்று காற்று வந்தது, கூடவே இறால் வாசனையும்.

டாக்டரம்மா முகமூடியை மூக்கருகே கொண்டுபோய், உடனே தள்ளிப் பிடித்தார். "என்ன ஸ்மெல் இது?"

"எங்க ஊரு காத்து டாக்டரம்மா" என்றாள் என் மனைவி. "அவருக்குப் பயக்கம்தான்."

அப்போதுதான் அந்த முகம் முதல் முறையாகச் சிரித்தது. சோப்புத் தண்ணீரில் கழுவச் சொல்லிவிட்டு, காலைப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே ஒரு டிக் போட்டார். பொருளைப் பார்த்துவிட்டுப் போட்ட டிக்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கண் திறந்தபோது மதியம். வாய் ஓலைப்பாய் மாதிரி காய்ந்திருந்தது. வயிற்றின் மேல் யாரோ அம்மியை வைத்துவிட்டுப் போனது போலிருந்தது. பக்கத்தில் என் மனைவி நின்றாள். நர்ஸ், "அம்மா, இவருக்கு நினைவு சரியா வந்துடுச்சான்னு பாக்கணும். பேர், ஊர் எல்லாம் கேளுங்க" என்றாள்.

அவள் கேட்கவில்லை. அவளிடம் சொல்வதற்கு வேறு விஷயம் இருந்தது.

"இன்னாங்க, டாக்டர் என்னைக் கூப்ட்டு ட்ரேல வச்சிக் காட்னாரு. உங்க வயித்துல வெட்னத."

கண்ணைச் சிமிட்டினேன்.

"கடம்பா மீனு மாரியே கீது. மை எட்த்து, தோலு உரிச்சி, கயுவி வச்ச பெரிய கடம்பா. நா கேட்டுட்டேன், சார், இவ்ளோதானா, இத ரொப்பவா முப்பத்தஞ்சி வருசமா நா ஒல வச்சேன்னு. அவரு சிரிச்சிட்டு, லேபுக்கு அனுப்பணும்னு எட்த்துக்கினு பூட்டாரு."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. அவள் குனிந்து காதை என் வாய் பக்கம் கொண்டுவந்தாள்.

"கொடுத்ததுக்கு ரசீது வாங்கினியா?" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். முந்தானையால் கண்ணை ஒரு முறை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"சிஸ்டர், பேரு ஊரெல்லாம் கேக்க வேணாம்" என்றாள். "முழுசா வந்துட்டாரு."