மருதோன்றி மறைக்காத நகம்

பெண் பார்க்க வந்தவர்களிடம் உம்மா பொய் சொன்னாள். என் இரண்டு கால் பெருவிரல் நகங்களும் கறுத்துப் போனதற்கு அம்மிக் குழவி விழுந்ததுதான் காரணமாம். குழவி விழுந்தால் ஒரு காலில் விழும். இரண்டு காலிலும் முறை வைத்தா விழும்? பொய் சொல்வதென்றாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா!

நடந்தது இதுதான். யாழ்ப்பாணத்தில் மலை என்று சொல்ல ஒரு மேடு கூடக் கிடையாது. கீரிமலை என்று பெயர் இருக்கிறது; போய்ப் பார்த்தால் கேணியும் கடலும்தான். நானும் இரண்டு சிநேகிதிகளும், ஒருத்தி பாலர் பாடசாலை ஆசிரியை, மற்றவள் தையல்காரி, மலைநாட்டுக்குப் போய் ஒரு மலை ஏற ஆசைப்பட்டோம். மூன்று மாதம் தையல்காரி வீட்டு மாடிப்படியில் அரிசிப் பையைச் சுமந்து ஏறி ஏறிப் பழகினோம். ஏறத்தான் பழகினோம். இறங்குவதும் ஒரு வேலை என்று தட்டைத் தரையில் வளர்ந்த எங்களுக்கு யார் சொல்வார்கள்? சப்பாத்தையும் பெருநாளுக்கு வாங்குவது போல் காலோடு ஒட்டினாற்போல் பார்த்து வாங்கினேன். உம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனோம்.

உச்சியில் காற்று அபாயாவைப் பிடித்து இழுத்தது. மேகம் எங்கள் காலுக்குக் கீழே கிடந்தது. பாலர் பாடசாலைக்காரி சிரித்துச் சிரித்து அழுதாள். எங்கே போகிறாய், யாரோடு போகிறாய் என்று அங்கே கேட்க ஒருவரும் இல்லை. என் இருபத்துநாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. இறங்கும்போதுதான் வினை வந்தது. ஒவ்வொரு அடிக்கும் விரல்நுனி சப்பாத்தில் போய் இடித்தது. வீடு வந்து கழற்றிப் பார்த்தால் நகம் இரண்டும் கத்தரிக்காய் நிறம்.

மூன்றாம் வாரம் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். நகப்பூச்சு பூசலாமென்றால், தொழுகைக்குக் கால் கழுவும்போது தண்ணீர் நகத்தில் படாது. அதனால் உம்மா முதல்நாளே மருதோன்றி அரைத்து அப்பினாள். விரல் சிவந்தது. நகம் இன்னும் கறுத்தது.

அதற்குள் நானாவுக்கு, அதாவது என் அண்ணனுக்கு, விஷயம் தெரிந்துவிட்டது. "பொம்பிளைப் பிள்ளையள் மலையில நடந்து திரிஞ்சதெண்டு ஆருக்கும் மூச்சு விடக்கூடாது" என்று கட்டளை போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொண்ணூறாம் ஆண்டு புலிகள் இந்தத் தெருவிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் துரத்தியபோது உம்மாவுக்குப் பதினாறு வயது. வவுனியா வரை நடந்தவள். பெண்பிள்ளை இவ்வளவு தூரம் நடக்கலாமா என்று அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. துரத்தினால் நடக்கலாம், ஆசைப்பட்டால் நடக்கக் கூடாது. என்ன நியாயம் இது!

பெண்கள் முன்னறையில் இருந்தார்கள். நானா திரைக்குப் பின்னால் நின்றார். தட்டோடு வந்த என்னை மாப்பிள்ளையின் தாய் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்து காலில் பார்வையை நிறுத்தினார். அப்போதுதான் உம்மா அந்தக் குழவியைப் போட்டாள்.

"குழவி இல்லை மாமி," என்றேன். "மலை ஏறினனான். இறங்கேக்க நகம் அடிபட்டது."

உம்மாவின் முகம் செத்துப் போயிற்று. மாமி கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சின்னப் பிள்ளையின் குழப்படியைப் பார்ப்பது போல் சிரித்தார்.

"போனது போகட்டும் மகள். கலியாணத்துக்குப் பிறகு உதெல்லாம் சரிவராது. இனிப் போகமாட்டனெண்டு ஒரு வாக்குத் தாங்கோ, நாளைக் குறிப்பம்."

நான் வாய் திறக்கு முன்னே திரைக்குப் பின்னாலிருந்து நானாவின் குரல் வந்தது. "ஓம் மாமி, போகமாட்டாள். நான் வாக்குத் தாறன்."

என் கால், என் நகம், இவருடைய வாக்கு!

"வாக்குக் குடுத்தவர் போகாமல் இருக்கட்டும்," என்றேன். "நான் போவன்."

தட்டில் வட்டிலப்பம் வைத்தது வைத்தபடியே கிடந்தது. அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். நானா அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. உம்மாவும் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, முற்றம் கூட்டிக்கொண்டு நின்றபோது ஒரு நகம் கழன்று விழுந்தது. உம்மா குனிந்து அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"வவுனியாவுக்கு நடக்கேக்க எனக்கும் உப்பிடித்தான் விழுந்தது," என்றாள். "நான் ஆசைப்பட்டு நடக்கேல்லை. நீ இந்த முறை ஒரு அளவு கூடின சப்பாத்தாய் வாங்கு."