அடித்த வரிகளின் கீழ்ப் புள்ளிகள்

கத்தரியார் என்று பதிப்பகம் முழுவதும் அழைக்கப்பட்டவர் 1961 ஜூலையில் பிறந்தவர். நான்கு சொற்கள் கொண்ட தம் முழுப்பெயரை அவரே இரண்டு எழுத்துகளாகக் குறைத்துக்கொண்டதால், இங்கும் அது தேவைப்படவில்லை.

1988இல் வேலை கேட்டுப் போனபோது பதிப்பாளர் கேட்டது ஒரே கேள்விதான்: "‘அப்ரிட்ஜ்’னா என்னங்க?"

"ஒரு நூலைப் பொருள் கெடாமச் சுருக்குறது. வாலை மட்டும் நறுக்கினா ‘ட்ரங்கேட்’. ஒரு சொல்லைச் சுருக்கினா ‘அப்ரீவியேட்’. செலவையோ உரிமையையோ குறைச்சா ‘கர்டெயில்’..."

"கேட்டதுக்கு மட்டும் சுருக்கமாச் சொல்லக் கூடாதா?" என்று சிரித்த பதிப்பாளர், அன்றே ஒரு மேசையைக் காட்டினார்.

அதன்பின் அறுநூறு பக்க நாவல்கள் அவர் கையில் நூற்றைம்பது பக்கமாயின. முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடமாட்டார். இரண்டாம் வாசிப்பில் வேண்டாத வரிகளைச் சிவப்பால் அடிப்பார். மனம் மாறினால் அடித்த வரியின் கீழ் வரிசையாகப் புள்ளி வைப்பார். ‘இருக்கட்டும்’ என்பது அதன் பொருள். மாலையில் மனைவிக்கு வாசித்துக் காட்டுவார். "இவ எப்பங்க அங்க போனா?" என்று மனைவி கேட்டுவிட்டால், கத்தரி ஆழமாகப் பாய்ந்துவிட்டது என்று அறிந்துகொள்வார்.

அட்டையில் மூல ஆசிரியரின் பெயர் மட்டுமே வரும். ஆகவே கணவர் ஓய்வுபெறும் நாளிலாவது நாலு பேர் அவரைப் புகழக் கேட்க வேண்டும் என்று மனைவி ஒரு மாதமாகக் காத்திருந்தார். தங்கையையும் வரவழைத்திருந்தார்.

அன்று காலை பதிப்பாளர் பதினொரு தாள்களைக் கத்தரியாரிடம் நீட்டினார். "சாயங்காலம் நான் பேசப்போறது. கொஞ்சம் நீளம். நீங்களே ஒரு கை பாத்துடுங்க."

பார்த்தார். ‘ஒப்பற்ற’ என்பது மிகை, அடித்தார். ‘தன்னலமற்ற’ என்பதற்குச் சான்றில்லை, அடித்தார். நான்காம் பக்கம் முழுவதும் கிளைக்கதை, அதையும் அடித்தார். மிஞ்சியதைப் புதுத் தாளில் படியெடுத்து உறையிலிட்டுக் கொடுத்தார். முப்பத்தோர் ஆண்டு நம்பிக்கையில் பதிப்பாளர் அதைப் பிரித்தும் பார்க்கவில்லை.

மாலை விழாவில் பதிப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்: "இவர் முப்பத்தோர் ஆண்டு இங்கே பணியாற்றினார். நேரத்துக்கு வந்தார். நன்றி." தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அக்கா, அத்தானப் பத்தின பேச்சு எப்ப ஆரம்பிக்கும்?" என்றாள் தங்கை.

"முடிஞ்சே போச்சுடி."

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி பிடித்துக்கொண்டார். "பொருள் கெடாமச் சுருக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்களே. இதுல பொருள் எங்கங்க?"

வெட்டிய தாள்களை உடனே எறியாதது அவர் வழக்கம். பையிலிருந்து பதினொரு பக்கங்களும் வெளியே வந்தன. சிவப்புக் கோடுகளினூடே படித்துக்கொண்டு போன மனைவி நான்காம் பக்கத்தில் நின்றார்: ‘இவருடைய ஒவ்வொரு நூலையும் முதலில் கேட்டுக் குறை சொன்னவர் இவர் மனைவி. அந்த அம்மையாருக்கு எங்கள் பதிப்பகம் கடமைப்பட்டிருக்கிறது.’

"இதையுமா அடிச்சீங்க?"

"கிளைக்கதைன்னு நெனச்சேன்..."

"நான் கிளைக்கதையா?"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். கத்தரியார் பென்சிலை எடுத்து, நான்காம் பக்க வரிகளின் கீழ்ப் புள்ளி வைக்கத் தொடங்கினார்.

"அது அப்புறம். முதல் பக்கத்துலேருந்து வைங்க. சத்தமாப் படிச்சுக்கிட்டே."

படித்தார். ‘ஒப்பற்ற’ வந்தபோது நாக்கு தயங்கியது.

"அதுக்கும் புள்ளி," என்றார் மனைவி.

கத்தரியார் கடைசியாகச் சிவப்புப் பென்சில் பிடித்தது 2019 ஜூலை 31, அந்த இரவில்தான்.