தலையில்லாத இறால்

கடற்கரையிலிருந்து பாளையங்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள் நான். கல்யாணமான வருஷம் அப்பா என்னைப் பார்க்க ரயிலேறி வந்தார். கையில் ஓலைப்பெட்டி நிறைய வெள்ளை இறால். திறந்து பார்த்ததும் என் முகம் செத்துப்போயிற்று. ஒன்றுக்கும் தலை இல்லை.

இறாலில் முதலில் கெடுவது தலைதான் என்று எங்கள் கரையில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். கறுத்த தலையைத் திருகி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சல்லிசாகத் தள்ளிவிடுவார்கள். அப்பாவின் வள்ளம் உடைந்து கரையில் கிடந்த வருஷம் அது. நல்ல இறால் வாங்க அவருக்கு வக்கில்லை. வெறுங்கையோடு வரவும் மனசில்லை.

மாமியார் ஆற்று இறாலை முழுசாகக் குழம்பு வைத்துப் பழகியவர். "என்ன அண்ணாச்சி, தலையெல்லாம் எங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"எங்க பக்கம் சம்பந்தி வீட்டுக்குத் தலையோட கொண்டுபோவ மாட்டோம், மைனி. அது மருவாதி இல்லேல்லா" என்றார் அப்பா. என் பக்கம் திரும்பவே இல்லை. நான் அடுப்பு ஊதப் போய்விட்டேன். மாமியாரோ அந்த மரியாதையைத் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தார். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும்.

பிறகு தங்கை கல்யாணம் வந்தது. மாமியாரோடு ஊருக்குப் போனேன். வள்ளத்தைச் சரிபண்ணி, அன்று விடியற்காலைக் கருக்கலில் அப்பாவே பிடித்து வந்த இறால் பெட்டிக்குள் துள்ளிக்கொண்டிருந்தது. நான் தண்ணீர் எடுத்துத் திரும்புவதற்குள் மாமியார் உதவிக்கு உட்கார்ந்து, ஒவ்வொரு தலையாகத் திருகிப் போட்டுக்கொண்டிருந்தார். சுற்றியிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"துள்ளுத றாலுக்கு ஏன் தலையக் கிள்ளுதீய?" என்றாள் ஒருத்தி.

"புதுச் சம்பந்திமாரு சாப்பிட வாராகல்லா? எங்க வீட்டுக்கு அண்ணாச்சி இப்படித்தான் கொண்டாந்தாக. உங்க ஊர் மருவாதி உங்களுக்கே தெரியலியே."

அத்தனை பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தலை குனிந்தார். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அம்மா வந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு இறாலை எடுத்துத் தலையைத் திருகினாள். "மைனி சொல்லுதது சரிதான். எல்லாத்தையும் பைய கிள்ளுங்க" என்றாள். நானும் உட்கார்ந்தேன்.

புதுச் சம்பந்திகள் கரைக்காரர்கள். இலையில் விழுந்ததைப் பார்த்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தொடாமல் ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார்கள். கருக்கலில் பிடித்தது என்று அப்பா ஒருவரிடமும் சொல்லவில்லை.